ஏபி வேற, பிஏ வேற: கால்குலேட்டர்லயும் சாஃப்ட்வேர்லயும் அணிப் பெருக்கல், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைல இருந்து நான் ஒரு சின்ன கால்குலேட்டர் ப்ரோக்ராம் எழுதிட்டு வாரேன், எண்ணு மட்டும் இல்லாம அணியையும் (மேட்ரிக்ஸ்) எழுத்தாவே வச்சு பெருக்கி, விரிச்சு, சுருக்கித் தரும். அம்பை, நாங்குநேரி பக்கம் இருந்து இங்க வந்து படிக்குத காலேஜ் பிள்ளைய அத ஓட்டிப் பாத்துட்டு கேள்வி அனுப்புதாவ, பாதிக்கு மேல சுத்திச் சுத்தி ஒரே இடத்துலதான் வந்து நிக்குது, பெருக்கும்போது வரிசை மாறலாமா கூடாதாங்கதுல. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருதேன்.

ஏ, பி, சி எல்லாம் அணி. அணிய எழுதும்போது ஒரு நிரை முடிஞ்ச இடத்துல அரைப்புள்ளி போடுதேன். உதாரணத்துக்கு பெரும்பாலும் இந்த ரெண்டுதான் வரும்: ஏ = [1 1; 0 1], பி = [1 0; 1 1]. பேப்பர் பேனா எடுத்து வச்சுக்கோங்க, கூடவே போட்டுப் பாத்தாத்தான் மனசுல நிக்கும்.

அண்ணாச்சி, 3 × 5-ம் 5 × 3-ம் ஒண்ணுதான? அணிக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

எண்ணு ஒரு அளவு, அணி ஒரு வேலை, அதாவது ஒரு புள்ளிய எடுத்து வேற இடத்துல கொண்டு வைக்குத வேலை. ரெண்டு அணியப் பெருக்குததுன்னா ரெண்டு வேலைய ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா செய்யுதது. எத முதல்ல செஞ்சோம்ங்கது முடிவ மாத்தும்.

வாசல்ல கோலம் போடுதத நெனச்சுக்கோங்க. நடுப்புள்ளில இருந்து வலக்க 3, மேல 1 தள்ளி ஒரு புள்ளி இருக்கு, (3, 1). முதல்ல கோலத்த இடப்பக்கமா கால் சுத்து திருப்புங்க, புள்ளி (−1, 3)-க்குப் போயிரும். பெறவு கண்ணாடில பாக்குத மாதிரி இடம் வலத்த மாத்துங்க, (1, 3). இப்ப அதையே தலைகீழா செய்யுங்க. முதல்ல இடம் வலம் மாத்தினா (−3, 1), அதத் திருப்பினா (−1, −3). புள்ளியும் அதேதான், ரெண்டு வேலையும் அதேதான், ஆனா ஒண்ணு வலது மேல் மூலைல இருக்கு, இன்னொண்ணு நேர் எதிர்ல இடது கீழ் மூலைல கெடக்கு.

ஏ, பி வச்சும் பாருங்க. ஏபி = [2 1; 1 1]. பிஏ = [1 1; 1 2]. உறுப்பு எல்லாம் ஒரே எண்ணுங்கதான், இருக்குத இடம்தான் வேற, அதனாலயே நெறைய பேரு ஒரு பார்வை பாத்துட்டு ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டுப் போயிருதாவ.

அப்ப முதல்ல செய்யுத வேலைய இடப்பக்கம் எழுதணுமா, வலப்பக்கம் எழுதணுமா?

புள்ளிய நிரலா, அதாவது மேல கீழ அடுக்கி எழுதுனா, முதல்ல செய்யுதது வலப்பக்கம், புள்ளிக்குப் பக்கத்துல. திருப்புததுக்கு [0 −1; 1 0], இடம் வலம் மாத்துததுக்கு [−1 0; 0 1]. முதல்ல திருப்பிட்டு பெறவு மாத்தணும்னா மாத்துத அணி × திருப்புத அணி × புள்ளின்னு வரும். வலத்துல இருந்து இடத்துக்கு வாசிக்கணும், நாம எழுத்து படிக்குத திசைக்கு நேர் எதிர்.

புள்ளிய நிரையா படுக்க வச்சு எழுதுத ஆட்களும் உண்டு, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பக்கம் சில இடத்துல அப்படித்தான். அங்க புள்ளி இடக்கோடில இருக்கும், வேலை எல்லாம் இடத்துல இருந்து வலத்துக்குப் போகும், அணி எல்லாம் நிரை நிரல் மாறி இருக்கும். ரெண்டும் சரிதான். ஒரு புத்தகத்துல இருந்து ஒரு வரி, இன்னொரு புத்தகத்துல இருந்து ஒரு வரின்னு எடுத்து ஒட்டினாத்தான் வம்பு.

வரிசை முக்கியம்னு தெரியும்தான? பெறவு சாஃப்ட்வேர் ஏன் அத மாத்துது?

இதத்தான் நான் நிதானமா சொல்லணும்னு நெனச்சது, ஏன்னா இதே தப்ப நானே செஞ்சேன்.

எழுத்து வச்சு கணக்குப் போடுத எந்த ப்ரோக்ராமுக்கும் ஒரு பெரிய தலைவலி உண்டு, 3எக்ஸ்ஒய்யும் 5ஒய்எக்ஸும் ஒரே சாதிதான்னு அதுக்குத் தெரிஞ்சாத்தான் கூட்டி 8எக்ஸ்ஒய்னு தர முடியும். அதுக்கு சுலபமான வழி என்னன்னா, ஒவ்வொரு பெருக்கலையும் உள்ள வாங்கின உடனே அகர வரிசைல அடுக்கி வச்சிருதது. எண்ணுக்கு இத விட நல்ல வழி இல்ல. அப்படி அடுக்குத ப்ரோக்ராம்ல அணிய கொண்டு போயி விட்டா பிஏன்னு நீங்க அடிச்சத அது கேக்காமலேயே ஏபின்னு மாத்தி வச்சிரும், எரர் கிடையாது, ஒரு சத்தம் கிடையாது, விடை மட்டும் தப்பா வரும்.

என் ப்ரோக்ராம்ல அதுதான் நடந்துச்சு. இன்ஜினியரிங் படிக்குத தம்பி ஒருத்தன் ரோபோ கை ஒண்ணுக்கு கணக்குப் போட ஏ பி ஏ⁻¹ அப்படின்னு அடிச்சிருக்கான். ஏ⁻¹-ன்னா ஏ-யோட இன்வர்ஸ், ஏ செஞ்ச வேலைய அவுத்துப் போடுத அணி. ப்ரோக்ராம் அத ஏ ஏ⁻¹ பி-ன்னு அடுக்கி, ஏ-யும் ஏ⁻¹-ம் அடிபட்டு, விடை வெறும் பி-ன்னு குடுத்துட்டு. சரியான விடை [2 −1; 1 0]. பி எங்க, இது எங்க. அவன் ரெண்டு நாளு கைய மாத்தி மாத்தி பாத்துட்டு கடைசில பேப்பர்ல போட்டுப் பாத்து எங்கிட்ட கொண்டாந்தான். அந்தப் பேப்பர இன்னும் வச்சிருக்கேன்.

அத எப்படி சரி பண்ணினிய?

ஒவ்வொரு எழுத்தும் எண்ணா அணியான்னு முதல்லயே சொல்லணும்னு வச்சேன், அணின்னா அளவும் சேத்து. பெருக்கல் வந்தா எண்ணுங்கள மட்டும் தனியா முன்னால எடுத்து அடுக்கலாம், ஏ(2பி)-ய 2ஏபி-ன்னு ஆக்குததுல தப்பே இல்ல. அணிங்க வந்த வரிசைலயே நிக்கும், தொடக்கூடாது. ஒட்டி ஒட்டி நிக்குத ரெண்டு அணி ஒண்ணா இருந்தா மட்டும் சேரலாம், ஏஏபி-ய ஏ²பி ஆக்கலாம், ஏபிஏ-வ ஆக்கக்கூடாது. அதே மாதிரி ஏ-யும் ஏ⁻¹-ம் ஒட்டி நின்னாத்தான் அடிபடும், நடுவுல பி நின்னா கிட்டயே போகக்கூடாது. எங்க அடைப்புக்குறி போடுதோம்ங்கது பிரச்சினை இல்ல, (ஏபி)சி-யும் ஏ(பிசி)-யும் எப்பவும் ஒண்ணுதான், அந்த சேர்ப்புப் பண்பு அணிக்கும் உண்டு.

கூட்டல வழக்கம் போல அடுக்கிக்கலாம். ஏ + பி, பி + ஏ ஒண்ணேதான்.

ஸ்கூல்ல படிச்ச (ஏ + பி)² சூத்திரம் வேலை செய்யாதா?

செய்யாது. விரிச்சா ஏ² + ஏபி + பிஏ + பி². நடுவுல உள்ள ரெண்டும் சேந்து 2ஏபி ஆகணும்னா ஏபி-யும் பிஏ-யும் ஒண்ணா இருக்கணும். நம்ம ரெண்டு அணிக்கும் போட்டுப் பாருங்க, ஏ + பி = [2 1; 1 2], அதோட வர்க்கம் [5 4; 4 5]. பழைய சூத்திரத்துல போட்டா [6 4; 4 4] வருது. (ஏ + பி)(ஏ − பி)-யும் அதே கதைதான், ஏ² − பி² வராது, நடுவுல பிஏ − ஏபி மிச்சம் நிக்கும். உங்க சாஃப்ட்வேர நம்பலாமா வேண்டாமான்னு தெரியணும்னா இந்த (ஏ + பி)²-ஐ விரிக்கச் சொல்லுங்க, நாலு உறுப்பு வந்தா நம்பலாம், மூணு வந்தா நிறுத்திருங்க.

ஏபி-க்கு இன்வர்ஸ் எடுத்தா ஏன் திருப்பிப் போடணும்?

கருப்பட்டிய ஓலைல பொதிஞ்சு, அத பனையோலைப் பெட்டிக்குள்ள வச்சு மூடி அனுப்புதாவன்னு வைங்க. எடுக்குதவன் பெட்டிய முதல்ல திறக்கணும், பெறவுதான் பொதிய அவுக்க முடியும். கடைசில செஞ்சத முதல்ல அவுக்கணும். அதான் (ஏபி)⁻¹ = பி⁻¹ஏ⁻¹.

நம்ம கணக்குல ஏ⁻¹ = [1 −1; 0 1], பி⁻¹ = [1 0; −1 1]. பி⁻¹ஏ⁻¹ போட்டா [1 −1; −1 2] வரும், அத ஏபி-யோட பெருக்கிப் பாருங்க, அலகு அணி (மூலைவிட்டத்துல 1, மத்த இடத்துல 0) வந்துரும். மாத்தி ஏ⁻¹பி⁻¹ போட்டா [2 −1; −1 1], அது பிஏ-யோட இன்வர்ஸ். நிரை நிரல் மாத்துததுக்கும் இதே விதிதான், ஏபி-ய மாத்தினா பி-யோட மாத்து முன்னால வரும்.

ஏ ÷ பி அப்படின்னு அடிச்சா என்ன அர்த்தம்?

அதுதான் ஆபத்து, ஆளுக்கு ஆள் ஒரு அர்த்தம் வச்சிருக்காவ. எண்ணுல வகுக்குததுன்னா இன்வர்ஸால பெருக்குதது, இடப்பக்கமா வலப்பக்கமான்னு கேள்வியே வராது. அணில ஏபி⁻¹ வேற, பி⁻¹ஏ வேற.

மேட்லாப், ஆக்டேவ்னு அணிக் கணக்குப் போடுத சாஃப்ட்வேர் ரெண்டு இருக்கு, அதுல ரெண்டுக்கும் தனித்தனி குறி வச்சிருக்காவ. ஏ/பி-ன்னா ஏபி⁻¹. சாய்கோடு மறுபக்கம் சாஞ்சு பி\ஏ-ன்னா பி⁻¹ஏ. எந்த அணி கோட்டுக்குக் கீழ இருக்குத மாதிரி தெரியுதோ அதுக்குத்தான் இன்வர்ஸ், நின்ன பக்கத்துலயே நிக்கும், இப்படி நெனச்சுக்கிட்டா மறக்காது. 1982-ல வந்த எச்பி-15சி கால்குலேட்டர்ல ரெண்டு அணிய அடுக்குல ஏத்தி ÷ அமுக்குனா பின்னால ஏத்துனதோட இன்வர்ஸ் இடப்பக்கமா வந்து பெருக்கும், அதாவது மேட்லாபோட பின்சாய்கோடு மாதிரி. ரெண்டுலயும் வகுத்தல்தான், பக்கம்தான் வேற.

என் ப்ரோக்ராம்ல அணிய அணியால வகுக்கவே விடல. ஏ⁻¹-ஐ நீங்களே எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம் போடுங்கன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் கூட டைப் அடிக்கணும், பரவால்ல.

இன்னொண்ணு, ஏ எக்ஸ் = பி-ன்னு சமன்பாடு இருந்தா ரெண்டு பக்கமும் இடப்பக்கமாவே ஏ⁻¹ போடணும், எக்ஸ் = ஏ⁻¹பி. எக்ஸ் ஏ = பி-ன்னா எக்ஸ் = பிஏ⁻¹. பெரிய அணியா இருந்தா இன்வர்ஸ் கண்டுபிடிச்சுப் பெருக்காதிய, ஆக்டேவ்ல ஏ\பி-ன்னு போட்டா அது நேரா தீர்த்துத் தரும், வேகமும் கூட, தசம பிழையும் கம்மி.

எந்த சாஃப்ட்வேர்ல எந்தக் குறி போடணும் சார்? * போட்டா ஒவ்வொண்ணுலயும் வேற வேற வருதே.

ஆமா, வரும். இதுக்கு ஒரே குறின்னு எல்லாரும் ஒத்துக்கவே இல்ல, அதனால புதுசா ஒண்ண எடுத்தா முதல் வேலையா இத சோதிச்சிருங்க.

மேட்லாப், ஆக்டேவ்ல * தான் அணிப் பெருக்கல், முன்னால புள்ளி வச்சு .* போட்டா உறுப்புக்கு உறுப்பு. பைத்தானோட அணிக் கணக்கு லைப்ரரி நம்பைல அப்படியே தலைகீழ், * போட்டா உறுப்புக்கு உறுப்பு, அணிப் பெருக்கலுக்கு @ போடணும், அந்த @ குறி 2015-ல பைத்தான் 3.5-ல வந்துச்சு. ஆக்டேவ்ல பழகிட்டு நம்பைக்கு வருத பிள்ளைய கண்டிப்பா ஒரு தடவ இதுல விழுதாவ. சதுர அணியா இருந்தா எரரும் வராது.

எழுத்து வச்சு கணக்குப் போடுத மேக்சிமால வெறும் புள்ளி. ஏ.பி-ன்னா அணிப் பெருக்கல், வரிசை மாறாது. ஏ*பி-ன்னா வரிசை மாறலாம்னு நீங்களே சொன்ன மாதிரி. அடுக்குக்கும் ரெண்டு குறி, ஏ^^2 உண்மையான அணி வர்க்கம், ஏ^2 ஒவ்வொரு உறுப்பையும் வர்க்கம் பண்ணும். [1 2; 3 4]-க்கு ^^ போட்டா [7 10; 15 22], ^ போட்டா [1 4; 9 16]. இன்வர்ஸுக்கும் ^^ தான். மேத்தமேட்டிகாலயும் அணிக்குப் புள்ளிதான். எழுத்துங்க வரிசை மாறாம நிக்கணும்னா **  உண்டு.

பைத்தானோட எழுத்துக் கணக்கு லைப்ரரி சிம்பைல எழுத்த உருவாக்கும்போதே கம்யூட்டேட்டிவ் ஃபால்ஸ்னு குடுத்துட்டா வெறும் * போட்டாலே போதும், வரிசையத் தொடாது. குடுக்க மறந்தா அணின்னு அதுக்குத் தெரியாது, எண்ணு மாதிரி அடுக்கிரும்.

எக்செல், லிப்ரே ஆஃபீஸ்ல எம்மல்ட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. பழைய எக்செல்னா விடை வருத கட்டம் எல்லாத்தையும் செலக்ட் பண்ணிட்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூணையும் சேத்து அமுக்கணும், வெறும் என்டர் போட்டா ஒரு கட்டம்தான் வரும்.

கைல வச்சிருக்குத கேசியோ எஃப்எக்ஸ்-991-ல × போட்டா அணிப் பெருக்கலேதான், நீங்க அடிச்ச வரிசைலயே பெருக்கும், எழுத்து வச்சு சுருக்குததுலாம் இல்லாததால மாத்துததுக்கு வழியே இல்ல. எம்எஸ், ஈஎஸ் மாடல்ல 3 × 3 வரைக்கும், ஈஎக்ஸ்ல 4 × 4 வரைக்கும். பரீட்சைக்கு அது போதும்.

கெய்லி ஹாமில்டன் கணக்குல பூஜ்ய அணி வரணும், எனக்கு வரவே மாட்டேங்குது அண்ணே. ஆக்டேவ்ல போட்டேன்.

ஒரு சதுர அணி தன்னோட சிறப்புச் சமன்பாட்டுல போட்டா பூஜ்யம் வரும்ங்கதுதான் கெய்லி ஹாமில்டன் தேற்றம். தங்கச்சி அனுப்புன கணக்கு இது: ஏ = [1 2; 3 4], ஏ² − 5ஏ − 2 பூஜ்யம் ஆகணும். அவளுக்கு வந்தது [0 −2; −2 0]. ஏ² = [7 10; 15 22], 5ஏ = [5 10; 15 20], கழிச்சா [2 0; 0 2]. இது வரைக்கும் சுத்தம். அந்த கடைசி 2-ல தான் விஷயம், பேப்பர்ல அது 2 தடவ அலகு அணி, ஆக்டேவுக்கு அது வெறும் 2, நாலு உறுப்புல இருந்தும் 2-ஐக் கழிச்சிட்டு. −2 போடாம −2*eye(2)-ன்னு அலகு அணியா போடும்மா, பூஜ்யம் வந்துரும். நம்பையும் மேக்சிமாவும் ஆக்டேவ் மாதிரிதான் எல்லா உறுப்புலயும் கூட்டும். என் ப்ரோக்ராம்ல அணியோட எண்ணக் கூட்டுனா எரர் குடுத்து நிறுத்திருதேன்.

இ-யோட அடுக்கா அணி வந்தா?

இ-ங்கது 2.718-ன்னு தொடங்குத எண்ணு. எண்ணுக்கு இ^(எக்ஸ்+ஒய்) = இ^எக்ஸ் × இ^ஒய். அணிக்கு ரெண்டும் இடம் மாறினாலும் ஒண்ணா இருந்தாத்தான் இத நம்பிப் போடலாம். அழகான உதாரணம் ஒண்ணு இருக்கு. எம் = [0 1; 0 0], என் = [0 0; 1 0]-ன்னு எடுங்க. எம்-ஐ எம்-ஆலயே பெருக்குனா பூஜ்யம், அதனால தொடர்ல ரெண்டு உறுப்புலயே முடிஞ்சிரும், இ^எம் = [1 1; 0 1]. அது நம்ம ஏ-தான். இ^என் நம்ம பி. ரெண்டையும் பெருக்குனா [2 1; 1 1], முழு எண்ணு. ஆனா இ^(எம்+என்)-ல மூலைவிட்டத்துல 1.543-ம் மத்த ரெண்டு இடத்துல 1.175-ம் வருது. கிட்டக்கூட இல்ல.

ஆக்டேவ்ல வெறும் எக்ஸ்ப் போட்டா ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியா போடும், அணிக்கு எக்ஸ்ப்எம் போடணும். இந்த ஒரு எழுத்துக்காக ராத்திரி முழுக்க முழிச்ச பிள்ளைய எனக்குத் தெரியும்.

எங்கயுமே மாத்தக் கூடாதா?

அணிக்கோவைல (டிட்டர்மினண்ட்) மாத்தலாம், ஏபி-க்கும் பிஏ-க்கும் ஒரே அணிக்கோவை, மேல உள்ள ரெண்டுக்கும் 1. ட்ரேஸும் (மூலைவிட்ட உறுப்புங்களோட கூட்டல்) ஒண்ணுதான், ரெண்டுக்கும் 3. மூணு அணின்னா ட்ரேஸுக்கு சுத்தி வரலாம், ஏபிசி, பிசிஏ, சிஏபி மூணும் ஒண்ணு, ஆனா ஏசிபி-ன்னு நடுவுல மாத்தினா பொதுவா வேற.

இத முதல்ல கவனிச்சது யாரு?

1843 அக்டோபர் 16 அன்னைக்கி டப்ளின்ல ஒரு கால்வாய்க் கரைல நடந்து போகும்போது ஹாமில்டன்ங்க கணித மேதைக்கு குவாட்டர்னியன்னு ஒரு புது எண்ணு வகை தோணுச்சு, அதுல ஐ × ஜே = கே, ஜே × ஐ = −கே. 1858-ல கெய்லி அணிக்குன்னே ஒரு இயற்கணிதம் எழுதினாரு. 1925-ல ஹைசன்பெர்க் அணுவப் பத்திக் கணக்குப் போடும்போது பெருக்குத வரிசை மாறுனா விடை மாறுதேன்னு தடுமாறுனாரு, அது அணிப் பெருக்கல்தான்னு அடையாளம் கண்டது போர்ன். குவாண்டம் மெக்கானிக்ஸ் படிக்குத பிள்ளையளுக்கு ஏபி − பிஏ தான் பாடமே.

அடைப்புக்குறி எங்க போட்டாலும் விடை ஒண்ணுதானே, அப்ப கண்டுக்க வேண்டாமா?

விடை ஒண்ணு, வேலை ஒண்ணு இல்ல. ஏ 2 × 50, பி 50 × 3, சி 3 × 40-ன்னு வைங்க. (ஏபி)சி-க்கு 300 + 240, மொத்தம் 540 பெருக்கல். ஏ(பிசி)-க்கு 6000 + 4000, பத்தாயிரம். போன்ல ஓடுத ப்ரோக்ராமுக்கு இது நல்லாவே தெரியும்.

நானும் ஒரு கால்குலேட்டர் எழுதுதேன், வரிசை மாறலன்னு எப்படி சோதிக்க?

எத வச்சு சோதிக்கக்கூடாதுன்னு முதல்ல சொல்லுதேன். அலகு அணி வேண்டாம், மூலைவிட்ட அணி ரெண்ட எடுத்துப் பெருக்காதிய, அது ரெண்டும் எந்தப் பக்கம் பெருக்குனாலும் ஒண்ணுதான். ஒரே அணியும் அதோட வர்க்கமும் அப்படித்தான். 2 × 2 சுழற்சி அணி ரெண்டும் அப்படித்தான், தளத்துல 30 டிகிரி திருப்பி 40 டிகிரி திருப்பினாலும் மாத்தித் திருப்பினாலும் 70 தான. நான் மூலைவிட்ட அணிய வச்சு சோதிச்சு எல்லாம் பாஸ்னு நெனச்சதாலதான் அந்த ஏ பி ஏ⁻¹ தப்பு வெளிய போச்சு.

சின்ன முழு எண்ணுங்கள கண்டபடி போட்டு 3 × 3 அணி ரெண்டு மூணு எடுங்க. எழுத்தா சுருக்கி வந்த விடைல எண்ணப் போட்டுப் பாருங்க, சுருக்காம நேரா பெருக்குன விடையோட ஒத்துப் போகணும். அத விட நல்ல வழி அளவ வேற வேறயா வச்சிருதது, ஏ 2 × 3, பி 3 × 4-ன்னு வச்சா ஏபி உண்டு, பிஏ-ங்கது கிடையவே கிடையாது. ப்ரோக்ராம் எங்கயாவது மாத்திட்டுன்னா பெருக்க முடியாதுன்னு அங்கயே கத்திரும், நீங்க தேட வேண்டாம்.

ஏபி = ஏசி-ன்னா பி = சி-ன்னு அடிச்சு விடுதான்னும் பாருங்க. ஏ-க்கு இன்வர்ஸ் இருந்தாத்தான் அப்படி அடிக்கலாம். மேல சொன்ன எம் பூஜ்யம் இல்ல, ஆனா எம் × எம் பூஜ்யம், எண்ணுல இப்படி நடக்கவே நடக்காது.

உங்க ப்ரோக்ராம்ல இன்னும் என்ன பாக்கி இருக்கு?

பொதுக் காரணி எடுக்குதது. ஏபி + ஏசி-ல இடப்பக்கமா ஏ-ய எடுத்து ஏ(பி + சி)-ன்னு தரும், பிஏ + சிஏ-ல வலப்பக்கமா எடுத்து (பி + சி)ஏ-ன்னு தரும். ஏபி + சிஏ-ல எதையும் எடுக்கக்கூடாது, அதையும் சரியா விட்டுருது. ஆனா ஏபி + ஏசி + பிடி + சிடி மாதிரி வந்தா மனுசன் உடனே ஏ(பி + சி) + (பி + சி)டி-ன்னு எழுதிருவான், என் ப்ரோக்ராம் முதல் பாதிய மட்டும் சேத்துட்டு மிச்சத்த அப்படியே விட்டுருது. இடப்பக்கம் முடிச்சுட்டு வலப்பக்கம் இன்னொரு சுத்து வரணும், அதத்தான் இந்த வாரம் எழுதிட்டு இருக்கேன்.